பணிக்குச் செல்ல ஒரு மிதிவண்டி

சேர்வராயன் மலைத்தொடர்க்கும் சித்தேரி மலைத்தொடர்க்கும் இடையே பரந்து கிடக்கும் நிலப்பரப்பில் பாப்பிரெட்டிப்பட்டி என்னும் பேரூர் அமைந்துள்ளது. சேர்வராயன் மலையிற் பிறந்து வரும் வாணியாற்றை மலையடிவாரத்தில் அணை கட்டித் தேக்கியுள்ளனர். அவ்வணை நீராலும் கிணற்று நீராலும் கரும்பும் மஞ்சளும் மரவள்ளியும் தென்னையும் இப்பகுதியில் விளைகின்றன. சேலத்திலிருந்து மஞ்சவாடிக் கணவாயைக் கடந்து அரூர் செல்லும் நெடுஞ்சாலை இவ்வட்டத்தின் ஊடே ஓடுகிறது. பண்டு சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1965ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் தருமபுரி தனி மாவட்டமானபோது அதன் பகுதியாயிற்று.

இவ்வூர்ச் சாலையிற் காலைப்பொழுதில் நின்று பார்ப்பவர் பல்வகை ஊர்திகளைக் காணலாம். பேருந்துகள் விரைகின்றன, கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் அசைந்து செல்கின்றன, மோட்டார் வண்டிகள் முழங்குகின்றன. அவற்றின் இடையே, ஓசையின்றி, புகையின்றி, எண்ணெயும் வேண்டாது சாலையின் ஓரமாய்ச் செல்லும் ஊர்தி ஒன்றுண்டு. அதுவே மிதிவண்டி. பால் கொண்டு செல்வோரும் பள்ளிக்குச் செல்வோரும் கூலி வேலைக்குச் செல்வோரும் அதனை நாடுகின்றனர். எளிய பொருளாதலின் அதனைப் பற்றி ஆராய என்ன இருக்கிறது எனப் பலர் எண்ணுவர். ஆனால், எளிய பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் அறிவுக்கு வேலையுண்டு. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

ஒரு குடும்பத்தின் வினா

இவ்வூரில் மேனிலைக் கல்வி முடித்த ஒரு பெண் இருக்கிறாள் எனக் கொள்வோம். அவள் வீட்டிலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு பண்டகசாலையிற் கணக்கெழுதும் வேலை அவளுக்குக் கிடைக்கிறது. காலை 9 மணிக்குப் பணி தொடங்கும். மாலை 7 மணிக்கு முடியும். குடும்பத்தார் மகிழ்ச்சியடைகின்றனர். ஆயினும் ஒரு கவலை எழுகின்றது. காலையிற் செல்லப் பேருந்து உண்டு. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம். எனவே செலவும் இல்லை. ஆனால், பணி முடியும் வேளையில் அவ்வழியே பேருந்து இல்லை. “இரவில் எவ்வாறு திரும்புவாய்? இவ்வேலை வேண்டா” என்கிறாள் தாய். வாய்ப்பு வந்தும் வழியின்மையால் அது கைநழுவும் நிலை!

அவளிடம் ஒரு மிதிவண்டி இருக்கிறது. அது பள்ளியில் அரசு வழங்கியது. 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவியர்க்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர்ப் பிற மாணவ மாணவியர்க்கும் விரிவடைந்தது. பள்ளி தொலைவிலிருப்பதால் படிப்பை நிறுத்தும் நிலை வாராமைப் பொருட்டு எழுந்த திட்டம் அது. அவ்வண்டி இப்பொழுது திண்ணையின் ஓரத்திற் காற்றிழந்த டயர்களோடு சாய்ந்து கிடக்கிறது. “பள்ளிக்குப் போன வண்டி வேலைக்கு உதவாது, கியர் பூட்டிய புதிய வண்டி ஒன்று வாங்கித் தருகிறேன்” என்கிறான் அண்ணன். அதற்குக் கடன் பெற வேண்டும். முதல் மாத ஊதியம் வருமுன்னே கடனா என்று தந்தை தயங்குகிறார்.

மாணவர்களே! இக்குடும்பத்துக்கு நீங்கள் என்ன அறிவுரை கூறுவீர்கள்? பழைய வண்டி போதுமா? புதியது வேண்டுமா? கியர் இன்றியமையாததா? இவ்வினாக்களுக்கு விடை காண, மிதிவண்டி இயங்கும் முறையை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

பெரிய சக்கரமும் சிறிய சக்கரமும்

1817ஆம் ஆண்டில் செருமானிய நாட்டைச் சேர்ந்த கார்ல் வான் டிரைசு என்பவர் முன்னும் பின்னுமாக இரண்டு சக்கரங்கள் பூட்டிய மரவண்டி ஒன்றைச் செய்தார். அதில் மிதிகள் இல்லை. அமர்ந்தவர் கால்களால் நிலத்தை உந்தி உந்திச் செல்ல வேண்டும். 1860களில் பிரான்சு நாட்டில் முன்சக்கரத்தின் அச்சிலேயே மிதிகளைப் பொருத்தினர். மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றே சுற்றும். ஆதலின், விரைந்து செல்ல விரும்பியவர்கள் சக்கரத்தைப் பெரிதாக்கினர். 1870களில் மனிதனின் மார்பளவு உயர்ந்த முன்சக்கரமும் மிகச் சிறிய பின்சக்கரமும் உடைய வண்டிகள் தோன்றின. அவற்றின் மீது ஏறுவதே ஒரு வித்தை. விழுந்தால் தலை உடையும்.

இவ்விடரைத் தீர்த்தது சங்கிலி. 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரில் சான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ‘ரோவர்’ என்னும் வண்டியை உருவாக்கினார். இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவின. மிதிகள் நடுவில் இருந்தன. மிதியோடு இணைந்த பெரிய பற்சக்கரத்தின் இயக்கத்தைச் சங்கிலி பின்சக்கரத்துச் சிறிய பற்சக்கரத்துக்குக் கொண்டு சென்றது. 1888ஆம் ஆண்டில், பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் சான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி அதிராமற் செல்லக் கண்டறிந்த காற்றடைத்த ரப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்தபோது இன்று நாம் காணும் மிதிவண்டி பிறந்தது. நம் தமிழகத்திலும், 1949ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் மிதிவண்டி செய்யும் தொழிலை வளர்த்தது.

பற்களை எண்ணினால் தெரியும்

சங்கிலி செய்யும் வேலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மேற்சொன்ன பெண்ணின் வண்டியில் முன் பற்சக்கரத்தில் 44 பற்களும், பின்னுள்ள பிரீவீலில் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். மிதி ஒரு முறை சுழலும்போது 44 பற்கள் நகர்கின்றன. எனவே பின்சக்கரம் 44ஐ 18ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறத்தாழ 2.44 சுற்றுச் சுற்றுகிறது. சக்கரத்தின் குறுக்களவு 26 அங்குலமாயின், அதன் சுற்றளவு ஏறத்தாழ 2.07 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 5 மீட்டருக்குச் சிறிது மிகும். மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி 5 மீட்டர் செல்கிறது என்பது இதன் பொருள். பண்டைய பெருஞ்சக்கர வண்டியில் இத்துணைத் தொலைவு செல்ல 64 அங்குலக் குறுக்களவுடைய சக்கரம் வேண்டும். அத்துணை உயரச் சக்கரத்தின் வேலையைச் சிறிய சங்கிலி செய்துவிடுகிறது.

ஒரு நிமிடத்துக்கு 60 முறை மிதித்தல் பழகியவர்க்கு எளிது. அவ்வாறு மிதித்தால் நிமிடத்துக்கு 300 மீட்டரும், மணிக்கு 18 கிலோமீட்டரும் செல்லலாம். 5 கிலோமீட்டரைக் கடக்க 17 நிமிடம் போதும். நடந்தால் அதற்கு ஒரு மணி நேரம் ஆகும்.

சமநிலத்தில் இது நன்று. மேட்டில் என் செய்வது? 20 மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயரும் சரிவு ஒன்றைக் கருதுக. ஏறுபவரும் வண்டியும் சேர்ந்து 70 கிலோகிராம் எடை எனின், சரிவு பின்னோக்கி இழுக்கும் விசை அதன் இருபதில் ஒரு பங்கு, அதாவது 3.5 கிலோகிராம் எடைக்கு ஒப்பாகும். மிதியின் தண்டு 17 சென்டிமீட்டர் நீளமாயின், ஒரு சுற்றில் பாதம் ஏறத்தாழ 107 சென்டிமீட்டர் நகர்கிறது. அதற்குள் வண்டி 507 சென்டிமீட்டர் செல்கிறது. பாதம் நகரும் தொலைவு குறைவாதலின், அது தரும் விசை அதே விகிதத்தில் மிகுதல் வேண்டும். உராய்வை நீக்கிக் கணக்கிட்டாலும் சராசரியாக 17 கிலோகிராம் எடைக்கு ஒப்பான அழுத்தம் தேவை. காற்றும் எதிர்த்து வீசினால் முழங்கால் வலிக்கத் தொடங்கும்.

இவ்விடத்திலேதான் கியர் துணை செய்கிறது. பின்னுள்ள பற்சக்கரம் பெரிதானால், மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி செல்லும் தொலைவு குறையும், அழுத்தமும் குறையும். ஆனால், சுற்றுகள் மிகும். செய்ய வேண்டிய மொத்த வேலையைக் கியர் சிறிதும் குறைப்பதில்லை. அதனைச் சிறு சிறு பங்குகளாகப் பகுத்துத் தருகிறது. ஒரு மூட்டை நெல்லை ஒரே முறையில் தூக்க இயலாதவன் பத்துக் கூடைகளாகச் சுமப்பது போன்றது அது. இவ்வுண்மையை உணராதார், கியர் வண்டி தானே ஓடும் என மயங்குவர்.

கியர் யாருக்கு வேண்டும்?

கியர் அமைப்பில் இருவகை உண்டு. ஒன்று பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளே பற்சக்கரங்களை மறைத்து வைப்பது. ஸ்டர்மி-ஆர்ச்சர் என்னும் பெயரால் அறியப்பெற்ற மூன்று வேகக் குடம் 1900களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரிலிருந்து வெளிவந்தது. மற்றொன்று, வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்களை அடுக்கி வைத்து, சங்கிலியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளுவது. இன்று கடைகளிற் காணும் கியர் வண்டிகளிற் பெரும்பாலானவை இவ்வகையின.

மஞ்சவாடிக் கணவாயின் ஏற்றத்தில் நாள்தோறும் ஏறி இறங்க வேண்டியவர்க்குக் கியர் பெருந்துணை. மலையடிவாரத்தில் வாழ்ந்து, சுமையோடு மேடு ஏறுபவர்க்கும், முழங்கால் நோயுடையவர்க்கும் அது நலம் பயக்கும். ஆனால், பெரும்பாலும் சமமான வழியில் 5 கிலோமீட்டர் செல்பவர்க்கு அஃது இன்றியமையாததன்று. மேலும், வெளியே அமைந்த கியர் புழுதிக்கும் சேற்றுக்கும் அஞ்சுவது. அதன் கம்பி தளர்ந்தால் சங்கிலி ஓரிடத்தில் நில்லாது தாவும். வண்டி சாய்ந்து விழுந்தால் சங்கிலியைத் தள்ளும் கருவி வளையும். அதனைப் பழுது பார்க்கத் தக்க கருவிகளும் உதிரிப் பாகங்களும் ஊர்க்கடையில் உளவா என்பதை வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும். பழுதானால் ஒரு வாரம் நகரத்துக்கு அனுப்ப வேண்டிய வண்டி, நாள்தோறும் பணிக்குச் செல்பவர்க்கு உதவாது.

அப்பெண் தன் பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு மிதிவண்டி பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் செல்கிறாள். “ஐயா, இவ்வண்டி இரண்டு மேடுகளில் மிகவும் கனக்கிறது. கியர் வண்டிதான் வாங்க வேண்டுமோ?” எனக் கேட்கிறாள். அவர் பின்சக்கரத்தைத் திருப்பிப் பற்களை எண்ணுகிறார். “அம்மா, இதில் 18 பல் பிரீவீல் இருக்கிறது. 22 பல் உள்ளதை மாற்றினாற் போதும். சங்கிலியில் ஒன்றிரண்டு கண்ணிகள் சேர்க்க நேரலாம். ஓட்டிப் பார்த்துச் சொல்” என்கிறார்.

பெரியவர் கூறியது சரிதானா? கணக்கிடுவோம். 44ஐ 22ஆல் வகுக்க 2 வரும். மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி 4.15 மீட்டர் செல்லும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம். பணியிடம் சேர 17 நிமிடத்துக்கு மாறாக 20 நிமிடம் ஆகும். மூன்று நிமிடமே மிகை. ஆனால், முன்சொன்ன மேட்டில் 17 கிலோகிராம் அழுத்தத்துக்கு மாறாக 14 கிலோகிராம் போதும். புதிய வண்டியின் விலையில் மிகச் சிறு பகுதியால் இப்பயன் கிட்டுகிறது. பொருளைப் பெருக்குவது மட்டும் செல்வம் அன்று. இருக்கும் பொருளை அறிவால் திருத்திக்கொள்வதும் செல்வமே.

உடலுக்கு ஏற்ற சட்டம்

செருப்பு வாங்குவோர் காலுக்கு ஏற்ற அளவைப் பார்க்கின்றனர். மிதிவண்டி வாங்குவோரோ பல வேளைகளில் நிறத்தை மட்டும் பார்க்கின்றனர். சட்டம் பெரிதாயின் கால் எட்டாது. சிறிதாயின் முழங்கால் மடங்கி வலிக்கும். குறுக்குக் கம்பியுள்ள வண்டியின் இருபுறமும் காலூன்றி நிற்கும்போது கம்பிக்கும் உடலுக்கும் இடையே சிறிது இடைவெளி இருத்தல் வேண்டும். இருக்கையின் உயரத்தை அறிய ஓர் எளிய முறை உண்டு. இருக்கையில் அமர்ந்து, மிதியைக் கீழே இறக்கி, குதிகாலை அதன்மேல் வைத்திடுக. கால் நேராக நீளுமாயின் உயரம் சரியானது. பின்னர் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதளவே மடங்கி இருக்கும். உடலின் ஆற்றல் வீணாகாது. புதிதாகக் கற்பவர் மட்டும் கால் தரையில் ஊன்றும் அளவுக்கு இருக்கையைத் தாழ்த்திக்கொள்ளலாம்.

பெண்களுக்கெனத் தாழ்ந்த கம்பியுடன் செய்யப்பெற்ற வண்டிகள் சேலை உடுத்தியவர் ஏறி இறங்க வசதியானவை. ஆயினும், ஏற்றது எது என்பதைப் பயன்படுத்துவோரே அறிவர் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் ஒரு சான்று. 1991-92ஆம் ஆண்டுகளில் அங்கு அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்பொழுது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத், மிதிவண்டி வாங்கப் பெண்களுக்குக் கடன் கிடைக்கவும் வழிசெய்தார். வேளாண் தொழிலாளர், கல்லுடைப்போர், செவிலியர், ஆசிரியைகள் எனப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றனர். முதலிற் சிலர் எள்ளி நகையாடினர். அவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பெண்களுக்குரிய வண்டிகள் போதிய அளவு கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே ஓட்டினர். அவர்களிற் பலர் அதையே விரும்பவும் செய்தனர். காரணம் யாதெனின், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள குறுக்குக் கம்பியிற் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதே! தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, பேருந்துக்கும் பிறருக்கும் காத்திராமல் அவர்கள் தாமே சென்று வந்தனர். வண்டியின் அழகைக் காட்டிலும் வாழ்வின் தேவையே தேர்வுக்கு அளவுகோல் என்பதை அப்பெண்கள் நமக்குக் கற்பித்தனர்.

நிற்கத் தெரிந்த வண்டி

ஓடும் வண்டியைக் காட்டிலும் நிற்கத் தெரிந்த வண்டியே நல்ல வண்டி. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 5 மீட்டர். எதிரே ஒரு கன்று குறுக்கிடுகிறது எனக் கொள்வோம். அதனைக் கண்டு பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு நொடி கழியுமாயின், வண்டி 5 மீட்டர் சென்றுவிடும். பிரேக் நன்றாயிருப்பின் மேலும் 5 மீட்டருக்குள் நிறுத்தலாம். பிரேக்கின் ஆற்றல் பாதியாகக் குறைந்தால், அந்த 5 மீட்டர் 10 மீட்டராகும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர்க் கட்டை வழுக்கும். பிரேக்கின் ஆற்றல் பெரிதும் குறையும். ஆதலின், தேய்ந்த கட்டைகளை உடனே மாற்றல் வேண்டும். மழையில் வேகத்தைக் குறைத்து, பிரேக்கை முன்கூட்டியே மெல்லப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்தல் வேண்டும். முன், பின் ஆகிய இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பயன்படுத்துவதே முறை. முன் பிரேக்கை மட்டும் திடீரென அழுத்தினால் வண்டி குப்புறக் கவிழவும் கூடும்.

டயரிற் காற்றுக் குறைந்தால் வண்டி கனக்கும். கல்லில் மோதும்போது உள்ளேயுள்ள டியூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும். சீமைக் கருவேல முள்ளும் நெருஞ்சி முள்ளும் நம் ஊர்ப் பாதைகளில் மிகுதி. தேய்ந்த டயரை அவை எளிதில் துளைக்கும். ஆகவே, ஒரு கைப்பம்பும், பஞ்சர் ஒட்டும் பசையும், ரப்பர்த் துண்டும், டயர் கழற்றும் நெம்புகோலும் சிறு பையில் இருத்தல் நன்று. டியூபை நீரில் அமிழ்த்திக் குமிழி எழும் இடத்தைக் காணவும், அவ்விடத்தைத் தேய்த்து ஒட்டவும் கற்றவர், நடுவழியிற் பிறர் உதவிக்கு ஏங்க மாட்டார்.

உடன் வேண்டும் துணைக்கருவிகள்

மாலை 7 மணிக்குப் பணி முடித்துத் திரும்பும் அப்பெண்ணுக்கு முதலில் வேண்டுவது விளக்கு. விளக்கு நாம் பார்ப்பதற்கு மட்டும் அன்று. பிறர் நம்மைப் பார்ப்பதற்கும் ஆகும். முன்னே வெண்மை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இருத்தல் வேண்டும். சக்கரத்தில் உராய்ந்து மின்சாரம் தரும் டைனமோ விளக்குக்கு மின்கலம் வேண்டா. ஆனால், மிதிப்பது சிறிது கனக்கும். வண்டி நின்றால் விளக்கும் அணையும். மின்னேற்றிப் பயன்படுத்தும் சிறு விளக்குகள் இலேசானவை. ஆனால் மின்னேற்ற மறத்தல் கூடாது. பின்மட்கார்டிலும் மிதிகளிலும் ஒளியை எதிரொளிக்கும் வில்லைகள் பொருத்துதல் நலம். கரும்பு அரைவைக் காலத்தில் ஆலைக்குச் செல்லும் சுமை வண்டிகள் இரவிலும் ஓடும். உயரத்தில் அமர்ந்த ஓட்டுநரின் கண்ணுக்கு விளக்கில்லா மிதிவண்டி இருளோடு இருளாகவே தோன்றும்.

அடுத்தது மட்கார்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பின்சக்கரம் வாரி இறைக்கும் சேற்றை அது தடுக்கும். சங்கிலிக்கு உறை இருப்பின் சேலையும் பாவாடையும் கால்சட்டையும் பற்களிற் சிக்கா. சக்கரத்தின் ஆரக்கம்பிகளில் துப்பட்டாவோ சேலைத் தலைப்போ சிக்கிப் பெருந்தீங்கு நேர்தல் உண்டு. ஆதலின், பின்சக்கரத்தின் பக்கவாட்டில் வலைக் காப்புப் பொருத்துதலும், தலைப்பை இறுகச் செருகிக்கொள்ளுதலும் வேண்டும். உணவுப் பையைக் கைப்பிடியில் தொங்கவிடலாகாது. அது கைப்பிடியை ஒருபுறம் இழுக்கும். ஆடி ஆடி முன்சக்கரத்திற் சிக்கவும் கூடும். கேரியரிற் கட்டுவதே முறை. மணி, பூட்டு, உறுதியான ஸ்டாண்டு ஆகியனவும் வேண்டும். தலைக்கவசம் மோட்டார் வண்டி ஓட்டுவோர்க்கே உரியது என எண்ணுதல் தவறு. கீழே விழும் தலைக்கு வண்டியின் வகை தெரியாது. மழைச் சட்டை வாங்குவோர் மங்கிய நிறத்தை விடுத்து மஞ்சள் போன்ற ஒளிர் நிறத்தைத் தேர்க. முகத்தை இருபுறமும் மறைக்கும் தொப்பியும், காற்றில் விரியும் குடையும் மிதிவண்டிக்கு ஆகா.

பேணுதலும் செலவும்

இவ்வளவும் பொருத்திய பின்னர் வண்டியைப் பேணுதல் வேண்டும். வாரம் ஒரு முறை டயரை அழுத்திக் காற்றைச் சோதித்தல், சங்கிலியின் அழுக்கைத் துணியால் துடைத்துச் சில துளி எண்ணெய் விடுதல், மிகுந்த எண்ணெயைத் துடைத்தெடுத்தல், ஆணிகளை முடுக்குதல் ஆகியவற்றுக்குக் கால் மணி நேரம் போதும். எண்ணெய் மிகுதியாய் நின்றால் புழுதி படிந்து, அதுவே அரம்போற் பற்களைத் தேய்க்கும். ரிம்மிலும் பிரேக்குக் கட்டையிலும் எண்ணெய் படுதல் கூடாது.

செலவைக் கணக்கிடும்போது கடையில் தரும் விலையை மட்டும் கருதலாகாது. விளக்கு, பூட்டு, காப்பு ஆகியவற்றின் விலையும், ஆண்டுதோறும் ஆகும் பழுதுச் செலவும் சேர்ந்ததே உண்மையான விலை. விலை குறைந்த வண்டி அடிக்கடி பழுதாகுமாயின் அது விலை மிக்க வண்டியாகும். விலை மிக்க வண்டி வீட்டில் உறங்குமாயின் அதனினும் பெரிய இழப்பு வேறில்லை. எவ்வண்டி ஒவ்வொரு நாளும் தவறாது பணியிடம் சேர்த்து, ஒவ்வோர் இரவும் வீடு சேர்க்கிறதோ, அதுவே ஏற்ற வண்டி.

அவள் எடுத்த முடிவு

அப்பெண் தாளில் ஒரு பட்டியல் எழுதுகிறாள். பிரீவீல் மாற்றுதல், இரண்டு டயர்கள், நான்கு பிரேக்குக் கட்டைகள், முன்விளக்கு, பின்விளக்கு, வலைக் காப்பு, பூட்டு, தலைக்கவசம். இவை அனைத்தும் சேர்ந்தும் புதிய கியர் வண்டியின் விலைக்குக் குறைவாகவே ஆகின்றன. கடன் வேண்டா, அண்ணன் சேர்த்து வைத்த தொகையே போதும். “அண்ணா, கியர் வண்டியைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் விளக்கு வாங்கித் தருக” என்கிறாள். அண்ணனும் அதற்கு இசைகிறான்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் அண்ணனும் தங்கையும் பணியிடம் வரை ஒரு முறை சென்று இருட்டிய பின் திரும்பிப் பார்க்கின்றனர். எவ்விடத்திற் சாலை குழியாயுள்ளது, எவ்விடத்தில் விளக்கில்லை, எவ்விடத்தில் நாய்கள் துரத்தும் என்பனவற்றைக் குறித்துக்கொள்கின்றனர். ஒரு கிலோமீட்டர் மிகையாயினும் வீடுகள் நிறைந்த வழியே இரவுக்கு ஏற்றது எனத் தெளிகின்றனர். வாயிலில் நின்ற தாய், தொலைவிலேயே அசைந்து வரும் வெண்ணிற ஒளியைக் கண்டு, தன் மகள் வருவதை அறிகிறாள். “வேண்டா” என்ற சொல்லை அவள் மீண்டும் கூறவில்லை.

மாணவர்களே! உங்களிற் பலர்க்கும் மிதிவண்டி உண்டு. நாளை நீங்கள் கல்வி முடித்துத் தொழில் தேடிச் செல்லும்போது, பல வாய்ப்புகள் சில கிலோமீட்டர் தொலைவாலேயே கிட்டாமற் போகக் காண்பீர்கள். அத்தொலைவை வெல்லும் கருவி உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கலாம். புதியதன் பளபளப்பில் மயங்காமல், பழையதென்று இகழாமல், வழியையும் உடலையும் பொருள் நிலையையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்க. இன்று மாலை வீடு சென்றதும் உங்கள் வண்டியின் பற்களை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள்.

பயிற்சி

1. பண்டைய மிதிவண்டியின் முன்சக்கரத்தைப் பெரிதாகச் செய்ததன் காரணம் யாது? சங்கிலி அத்தேவையை எவ்வாறு நீக்கியது?

2. “கியர் வேலையைக் குறைப்பதில்லை, பகுத்துத் தருகிறது” என்பதை விளக்குக.

3. முன் பற்சக்கரத்தில் 48 பற்களும் பின்னே 16 பற்களும் உடைய வண்டியின் சக்கரச் சுற்றளவு 2 மீட்டர் எனின், மிதியின் ஒரு சுற்றுக்கு அது செல்லும் தொலைவைக் காண்க. இவ்வண்டி சமநிலத்துக்கு ஏற்றதா, மேட்டு நிலத்துக்கு ஏற்றதா? காரணம் கூறுக.

4. புதுக்கோட்டைப் பெண்களிற் பலர் ஆண்கள் ஓட்டும் வண்டியை விரும்பியது ஏன்?

5. உம் வீட்டிலுள்ள மிதிவண்டியைச் சோதித்து, அதிற் செய்ய வேண்டிய திருத்தங்களை முதன்மை வரிசையில் எழுதுக.